வயிறு எனும் அமானிதம்

வயிற்றைக் கட்டி வாழ்வதே நல்லோர் வழி என்று நம் முன்னோர் சொல்லி வந்தார்கள். இன்றோ வயிற்றையே வெட்டிக் குறைத்துக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. உடற்பருமன் நோயால் அவதிப்படுவோருக்கு இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கியோ, உணவு செல்லும் பாதையை மாற்றியோ செய்யப்படும் அறுவைச் சிகிச்சை இப்போது நமது ஊர்களிலும் பேசப்படுகிறது. வளைகுடா நாடுகளில் உடற்பருமன் மிகுந்திருப்பதால் அங்கே இது பெருமளவில் நடக்கிறது. பிழைப்புக்காக அங்கு சென்ற நம் சகோதரர்கள் அதைக் கண்டு வருகிறார்கள். சிலர் தாமே செய்துகொண்டும் வருகிறார்கள்.

"இது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா?" என்ற கேள்வி நம்மிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் நோயாளிகள் அல்லர். நோயாளியின் தகப்பனார், கணவர், மாமியார், மைத்துனர் ஆகியோரே கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் விதத்திலேயே பாதித் தீர்ப்பு அடங்கியிருக்கும்.

"தின்று கொழுத்ததற்குக் கத்தியா மருந்து? திங்களும் வியாழனும் நோன்பு பிடித்தால் போதாதா?" என்பார் ஒருவர். "அல்லாஹ் கொடுத்த நல்ல உறுப்பை அறுத்து எறிவது அவன் படைப்பை மாற்றுவதாகாதா?" என்பார் மற்றொருவர். "அல்லாஹ் விதித்ததைப் பொறுத்துக்கொள்வதல்லவா ஈமானுக்கு அழகு?" என்பார் மூன்றாமவர்.

இம்மூன்றும் எடுத்த எடுப்பில் தள்ளிவிடத்தக்க வாதங்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் மார்க்கத்தில் வேர் இருக்கிறது. ஆனால் வேர் நல்லதாக இருப்பதனாலேயே கிளை நேராக வளர்ந்துவிடுவதில்லை. ஆகவே நிதானமாக ஆராய்வோம்.

சிகிச்சையின் உண்மை நிலை

ஒரு விஷயத்தின் உண்மை நிலையை அறியாமல் அதன் மீது தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது ஃபிக்ஹுக் கலையின் பாலபாடம். எனவே முதலில் சிகிச்சையைத் தெரிந்துகொள்வோம்.

1950களில் அமெரிக்காவில் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் குடலைக் குறுக்காக இணைக்கும் முறை ஒன்று கையாளப்பட்டது. எடை குறைந்தது, ஆனால் பலருக்கு ஈரல் பழுதடைந்தது, சிறுநீரகத்தில் கற்கள் உண்டாயின. அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன் என்ற டாக்டர், சிக்காஷி இட்டோ என்பவருடன் சேர்ந்து 1966இல் அயோவா பல்கலைக்கழகத்தில் வேறொரு முறையைத் தொடங்கினார். இன்றைய முறைகளில் முக்கியமான ஒன்று அதன் வழிவந்ததே.

இப்போது பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில், இரைப்பையின் சுமார் 80 சதவீதத்தை வெட்டி நீக்கி, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். வெட்டியதை மறுபடி ஒட்டவைக்க வழியில்லை. மற்றொன்றில், இரைப்பையின் மேற்பகுதியில் முட்டை அளவான சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலுடன் இணைக்கிறார்கள். இரண்டுமே இன்று வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவிகளை நுழைத்துச் செய்யப்படுகின்றன.

யாருக்கு இது? கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 90 கிலோ இருந்தால் அந்த எண் சுமார் 35. 1991இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்த எண் 40ஐ எட்டியவர்களுக்கும், 35ஐ எட்டிச் சர்க்கரை வியாதி போன்ற கடும் நோயும் உள்ளவர்களுக்கும் இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022இல் இத்துறையின் மருத்துவர் சங்கங்கள் அந்த எல்லையைத் தளர்த்தின. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வியாதி வந்துவிடுவதால், நம்மவர்களுக்கு 27.5 என்ற எண்ணிலிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறார்கள்.

பலன் என்ன? சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும், அதே நிலையிலிருந்து வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்ற சுமார் 2,000 பேரையும் பல்லாண்டுகள் கவனித்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு என்று 2007இல் அறிவித்தது. சர்க்கரை வியாதியுள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இரத்தத்தில் சர்க்கரை சீரான நிலைக்கு வந்ததாக வால்டர் போரீஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1995இல் எழுதினார். நாட்கள் செல்லச் செல்லச் சிலருக்கு அது திரும்பவும் வருவதுண்டு. ஆபத்தும் இல்லாமலில்லை. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டோரில் 1,000க்கு 3 பேர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். தையல் விட்டுக் கசிதல், இரத்தப்போக்கு, இரத்தம் கட்டுதல் ஆகியவையும் நேரக்கூடும்.

தின்றதனால் மட்டும் வந்த வினையா?

இனி முதல் வாதத்திற்கு வருவோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த திருமறை, வரம்பு மீறுவதைத் தடுத்திருக்கிறது (7:31). வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கும்படி நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. நம் கல்யாணப் பந்தல்களில் இந்த ஸுன்னத் படும்பாட்டை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆனால், மூன்றில் ஒரு பங்கு என்பது நம்மை நாமே அளந்துகொள்ளத் தரப்பட்ட அளவுகோல். அடுத்தவர் முதுகில் அடிக்கத் தரப்பட்ட பிரம்பு அல்ல. ஒருவருடைய உடலைப் பார்த்தே அவருடைய நஃப்ஸின் நிலையை நாம் கணித்துவிட முடியுமா?

1997இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தானிலிருந்து குடியேறிய, தலைமுறைகளாக நெருங்கிய சொந்தத்திலேயே மணமுடித்து வந்த குடும்பம் அது. எட்டு வயதுப் பெண்பிள்ளை 86 கிலோ. இரண்டு வயது ஆண்பிள்ளை 29 கிலோ. எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, பெற்றோருக்குக் கண்டிப்பு இல்லை என்றுதானே ஊரார் சொல்லியிருப்பர்? சோதித்துப் பார்த்தபோது, "வயிறு நிறைந்தது, போதும்" என்று மூளைக்குச் செய்தி சொல்லும் லெப்டின் என்ற சுரப்பு அவர்களின் உடலில் உண்டாகவே இல்லை என்று தெரிந்தது. அப்பெண்பிள்ளைக்கு அச்சுரப்பை ஊசியாகக் கொடுத்தார்கள். பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் குறைந்தது. அந்தப் பிள்ளைக்கு இல்லாதிருந்தது ஒழுக்கமா? இல்லை, ஒரு துளிச் சுரப்பு!

இந்நோய் மிக அபூர்வமானது. பருமனானவர்கள் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் மற்றவர்களிடத்திலும் பசி என்பது வெறும் ஆசை மட்டுமல்ல. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கிரெலின் என்ற பசிச்சுரப்பைக் கண்டுபிடித்தனர். இரைப்பையின் மேற்பகுதியே அதை அதிகமாகச் சுரக்கிறது. உணவைக் குறைத்து மெலிந்தவர்களின் இரத்தத்தில் அச்சுரப்பு முன்னிருந்ததைவிட அதிகமாகிவிடுகிறது என்று 2002இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவரின் உடல், முன்னிலும் உரக்கப் பசியைக் கூவுகிறது என்பது இதன் பொருள். இரைப்பையின் அந்தப் பகுதியை நீக்கும்போது பசியின் கூச்சலும் தணிகிறது. "வாயைக் கட்டினால் போதாதா?" என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். பலமுறை கட்டிப் பார்த்துத் தோற்றவருக்குத்தான் அதன் கடினம் தெரியும்.

சரி, ஒருவர் உண்மையிலேயே பெருந்தீனியால்தான் நோயாளியானார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மட்டும் வைத்தியம் பெறும் உரிமை போய்விடுமா? எச்சரிக்கையை மீறித் தென்னைமரம் ஏறிக் காலை ஒடித்துக்கொண்டவனைப் பார்த்து, "நீ செய்த வினை, கிட" என்று நாம் சொல்வதில்லை. முதலில் எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறோம். நோயின் காரணம் வேறு, நோயாளியின் உரிமை வேறு. வரம்பு மீறியதற்கான தவ்பா, அடியானுக்கும் ரப்புக்கும் இடையிலுள்ள கணக்கு. அந்தக் கணக்குப் புத்தகம் நம் கையில் தரப்படவில்லை. நம் மீதுள்ள கடமை அவரைக் காப்பாற்றுவதுதான்.

இங்கே நம் அன்னை ஸவ்தா (ரலி) அவர்களை நினைவுகூர வேண்டும். அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், கூட்டம் நெருக்குவதற்கு முன்பே தாம் புறப்பட அனுமதி கேட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. அங்கே உபதேசம் இல்லை, கண்டனம் இல்லை. ஓர் உடலின் சிரமம் அறியப்பட்டது. அதற்கேற்ற சலுகை வழங்கப்பட்டது. அவ்வளவுதான்.

படைப்பை மாற்றுவதாகுமா?

இரண்டாவது வாதம் கனமானது. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சபதம் செய்ததைத் திருமறை கூறுகிறது (4:119). மார்க்கத்தையே மாற்றுவதை இது குறிக்கும் என்று விரிவுரையாளர்களில் சிலர் கூறுவர். பிராணிகளைக் காயடித்தல், பச்சை குத்துதல் போன்றவற்றை வேறு சிலர் குறிப்பிடுவர். பச்சை குத்துவோரையும் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் கண்டிக்கும் ஹதீஸில், "அழகுக்காக" என்ற காரணமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டே, நோய்க்காகச் செய்வது இக்கண்டனத்தில் அடங்காது என்று உலமாக்கள் விளக்கினார்கள்.

செயலிலும் சான்றுகள் உண்டு. உபை இப்னு கஅபு (ரலி) அவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு வைத்தியரை அனுப்பினார்கள். அவர் ஒரு நரம்பை வெட்டிச் சூடு போட்டார் என்று முஸ்லிமில் வருகிறது. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொன்னால் மூக்கு வைத்துக்கொள்ளப் பணிக்கப்பட்டார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னே அவருக்கு ஆகுமாக்கப்பட்டது! உடல் ஓர் அமானிதம் என்பதனால்தான் அதில் வீணாகக் கத்தி வைக்கக் கூடாது. அதே அமானிதத்தைக் காப்பதற்காகக் கத்தி வைப்பது துரோகமாகாது.

இக்கால ஃபிக்ஹு அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, உடல் எடை நோயின் நிலையை அடைந்து, அறுவையைத் தவிர வேறு வழியில்லாமல், தீங்கு நேராதென்ற பாதுகாப்பும் இருந்தால் அறுவை மூலம் எடையைக் குறைப்பது ஆகும் என்று தீர்மானித்தது. இந்த மூன்று நிபந்தனைகளையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பொறுமையை யார் தேர்ந்தெடுப்பது?

மூன்றாவது வாதம் ஸப்ரைப் பற்றியது. வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு கறுப்பினப் பெண்மணி, பெருமானார் (ஸல்) அவர்களிடம் துஆச் செய்யும்படி வேண்டினார். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் நலம்பெறத் துஆச் செய்கிறேன் என்று அவரிடமே தேர்வு விடப்பட்டது. அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். இதைச் சான்றாகக் காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பொறுமையை அவரே தேர்ந்தார். அதை அவர் மீது பிறர் சுமத்தவில்லை. முழங்கால் தேய்ந்து, உறக்கத்தில் மூச்சுத் திணறி, ஸுஜூதுக்குக் குனிய இயலாமல் நாற்காலியில் தொழும் மருமகளைப் பார்த்து, "பொறுத்துக்கொள்" என்று உரைக்கும் உரிமையை இந்த ஹதீஸ் நமக்குத் தரவில்லை. தன் வலியைப் பொறுப்பது ஸப்ர். அடுத்தவர் வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஆம் என்றே விடை தந்தார்கள். 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய அதே அகாடமி, வைத்தியத்தின் சட்டம் ஆளுக்கும் நிலைக்கும் ஏற்ப மாறும் என்று விளக்கியது. விட்டுவிட்டால் உயிரோ உறுப்போ போய்விடும் என்றால் அது கடமை. உடல் பலவீனப்படும் என்றால் விரும்பத்தக்கது. வைத்தியத்தினால் நோயைவிடப் பெரிய தீங்கு விளையும் என்று அஞ்சினால் வெறுக்கத்தக்கது.

எல்லைகள் எங்கே?

ஆகவே, நோய் இல்லாத நிலையில், நிக்காஹ் பேச்சு நடக்கிறது, புகைப்படத்தில் மெலிந்து தெரிய வேண்டும் என்பதற்காக நல்ல இரைப்பையை வெட்டுவது கூடாது. "மெலிந்தால்தான் மாப்பிள்ளை கிடைக்கும்" என்று பெண்ணைக் கத்தியை நோக்கித் தள்ளும் பெற்றோரும், பெண் பார்க்க வந்து எடையைப் பற்றி முணுமுணுக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் பாவத்தில் பங்காளிகளே. மறுப்பு ஒன்று சொல்ல முடியாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம் என்ன சம்மதம்?

"வேறு வழியில்லை" என்ற நிபந்தனையையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். இன்று செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி மருந்துகள் வந்துவிட்டன. 2021, 2022 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் இவற்றால் சராசரியாக உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. எடை குறைப்பதற்கென்றே இவை 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது. ஒருவருக்கு ஊசியா, உணவுமுறையா, கத்தியா என்பதைத் திறமையும் நாணயமும் உள்ள மருத்துவரே சொல்ல வேண்டும். முன், பின் என்று இரண்டு படங்களைப் போட்டு ஆள் பிடிக்கும் விளம்பரத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. இரண்டு மருத்துவர்களைத் தனித்தனியே கேட்பது நல்லது.

நம் வீடுகளில் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விஷயம்: ஆபரேஷனை ஒட்டி இரத்தம் கட்டாமலிருக்கப் போடப்படும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. ஃபாண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்தும் இருக்கிறது. அது தமக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். பொருந்தாது, வேறு மருந்தும் இல்லை என்றால், நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற சட்டவிதி இருக்கிறது. அந்த நிலையில் ஊசியை மறுத்து உயிரைப் பணயம் வைப்பது பேணுதல் அல்ல.

கத்திக்குப் பின்னே

இச்சிகிச்சை சோம்பேறியின் குறுக்குவழி என்று நினைப்பவர்கள், அதற்குப் பின்னுள்ள வாழ்க்கையைப் பார்க்கவில்லை. ஒரு வேளைக்குச் சில கவளங்கள். அதையும் நன்றாக மென்று, மெதுவாக உண்ண வேண்டும். தண்ணீரை மடக்கு மடக்காகவே அருந்த முடியும். இரும்புச் சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுதும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதை மாற்றிய ஆபரேஷன் என்றால், ஒரு கிண்ணம் வட்டிலப்பம் போதும். படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வந்து படுக்க வைத்துவிடும். பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். கத்தி இரைப்பையைத்தான் வெட்டும், நஃப்ஸை வெட்டாது. ஐஸ்கிரீமும் சர்பத்துமாக இடைவிடாமல் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தால், சுருங்கிய வயிற்றோடும் எடை ஏறிவிடும். முன்பு பசி ஆளை மிஞ்சியிருந்தது. இப்போது ஆள் பசியோடு சமமாக நின்று போராடலாம். சிகிச்சை தருவது அந்த வாய்ப்பைத்தான்.

ரமளான் நோன்பைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறு இரைப்பையுள்ளவரால் ஸஹரில் ஒரேயடியாக நீரை நிரப்பிக்கொள்ள இயலாது. எனவே ஆபரேஷனுக்குப் பிந்திய மாதங்களில் நீர்ச்சத்துக் குறையும் ஆபத்து அதிகம். அக்காலத்தில் மருத்துவர் தடுத்தால் நோன்பை விட்டுவிட்டு, உடல் தேறிய பின் களாச் செய்ய வேண்டும். நோயாளிக்கு அல்லாஹ்வே தந்த சலுகை அது (2:185). பிறகு உடல் தேறிப் பலரும் நோன்பு வைக்கிறார்கள். எக்காலத்திலும் இயலாது என்று உறுதியானவருக்கு ஃபித்யா இருக்கிறது.

இனி, சுற்றியிருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வலீமா விருந்தில் நால்வர் ஒரு சஹனில் அமர்கிறார்கள். அதில் ஒருவர் நான்கு கவளத்தோடு கையை எடுத்துவிடுகிறார். உடனே, "என்ன, பிடிக்கவில்லையா? இன்னும் ஒரு பிடி!" என்று சோற்றைத் தள்ளி வைப்பது உபசாரமல்ல, அவருக்கு அது வாந்தியும் வலியும். "முன்பு இவர் எப்படி இருந்தார் தெரியுமா?" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்வது அதைவிடக் கொடுமை. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரத்தைக் குறித்து ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஒரு சொல் சொன்னபோது, அந்தச் சொல் கடலில் கலந்தால் கடலையே கெடுத்துவிடும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தபோது, மறுமைத் தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று அறிவித்தார்கள். குட்டை, மெலிவு, பருமன் என்று உடலை எடைபோட்ட நாவுகளுக்கு அன்று கிடைத்த பாடம் இன்று நமக்கும் உரியது.

2022 கணக்கின்படி உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமனோடு வாழ்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் சிலர் நம் வீட்டிலேயே இருக்கக் கூடும். அவர்களுக்குச் சட்டம் சொல்வது எளிது; துணை நிற்பதே கடினம். நமது விருந்துகளில் அளவைக் கொண்டுவருவோம்; பிள்ளைகளுக்கு மூன்றில் ஒரு பங்கின் ஸுன்னத்தை இளமையிலேயே பழக்குவோம்; நோய் வந்துவிட்டவரை நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அவர் கத்தியைத் தேர்ந்தாலும், மருந்தைத் தேர்ந்தாலும், பொறுமையைத் தேர்ந்தாலும், அவருடைய மானத்தை நம் நாவிலிருந்து காப்போம்.

வயிறும் அமானிதம், நாவும் அமானிதம். இரண்டைப் பற்றியும் நாளை கேட்கப்படுவோம். அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.